மூன்றாவது கடல் முயல்

ஜூன் 11, புதன்

பள்ளியில் கொடுத்த டைரியை ஐந்து மாதம் கழித்து இன்றுதான் பிரிக்கிறேன். இவர் தூங்கும்போது போனில் பேசினால் விழித்துக்கொள்கிறார். டி.வி. போட்டாலும் விழித்துக்கொள்கிறார். பேனா சத்தம் போடாது.

இவருக்கு இரைப்பையில் கட்டி. மருந்து ஏற்றிச் சுருக்கிவிட்டு, பிறகு அறுத்து எடுப்பதாகத் திட்டம். இரண்டு முறை ஏற்றியாகிவிட்டது. முடி போய்விட்டது, ருசி போய்விட்டது. கோபம் மட்டும் இவருக்கு வரவே இல்லை. அது மொத்தத்தையும் நான் எடுத்துக்கொண்டேன்.

என் கோபம் கூடத்தில் நான்கடி நீளத்துக்கு நிற்கிறது. உப்புத்தண்ணீர் மீன்தொட்டி. ரயில் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிற என் கணவர் தணிகாசலத்துக்கு அது பல வருட ஆசை. ஏப்ரலில் வாங்கினார். மே மாதம் ரிப்போர்ட் வந்தது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், தொட்டித் தண்ணீரில் விரல்கூட வைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக, ஆசை அவருடையது, கை என்னுடையது. நான் பி.டி. டீச்சர். ஒரு விசிலில் பள்ளிக்கூடத்தையே நிறுத்துகிறவள். என்னை இந்த மனிதர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வேலை வாங்குகிறார். உப்பு கலக்கு, சூடு பார், கண்ணாடியைத் துடை.

துடைத்து என்ன பயன்? கல், மணல், கண்ணாடி எல்லாவற்றிலும் பாசி. முதலில் பழுப்பாகப் பொடி மாதிரி படிந்தது. இப்போது பச்சையாக, விரல் நீளத்துக்கு. உள்ளே இரண்டு கோமாளி மீன்கள் வழி தெரியாமல் திரிகின்றன.

“புதுத் தொட்டின்னா அப்படித்தான் கோமு. தண்ணி பழகணும்” என்கிறார். பாசி தின்ன ஒரு ஜீவன் இருக்கிறதாம், அதை வாங்க வேண்டுமாம். இந்த வீட்டில் தின்பதற்கு ஒரு ஆளாவது வரட்டும் என்று சரி சொன்னேன்.

ஜூன் 14, சனி

கொளத்தூர் போனேன். ஜமால் பாய் கடையில் ஒரு பாலித்தீன் பையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே கொழகொழவென்று கையளவு ஒரு பழுப்பு உருண்டை. ஓடில்லாத நத்தை. தலையில் இரண்டு கொம்பு, முயல் காது மாதிரி. அதனால் கடல் முயல் என்று பெயராம். வைத்தவனுக்கு நல்ல மனசு.

“டீச்சரம்மா, ஒரே ஒரு விஷயம்” என்றார் பாய். “அலை மோட்டார் வாய்ல பஞ்சு உறை மாட்டியிருக்கா? இது ஊர்ந்துனே போயி மோட்டார்ல வாய வெச்சிரும். இழுத்துச்சின்னா அரைச்சிரும். சாகும்போது ஊதாவா மை கக்கும், அந்த மைல மீனும் போயிரும்.”

மாட்டியிருக்கிறது என்றேன். தொட்டிக்குள் அலை உண்டாக்கும் மோட்டார் அது. வாரம் ஒரு தரம் அந்தப் பஞ்சைக் கழுவுகிறவளே நான்தான்.

ஜூன் 15, ஞாயிறு

தின்கிறது. சும்மா சொல்லக் கூடாது, காலையிலிருந்து நிறுத்தாமல் தின்கிறது. ஒரு கல்லின் ஒரு பக்கம் வெளுத்துவிட்டது. ஓர் ஓரத்தில் தொடங்கி, விட்டுப் போகாமல், வரிசையாக. இவர் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்துவிட்டார்.

“பாரு, செவுத்துக்குப் பட்டி பாக்குற மாதிரி போறான். ஒரு எடம் விடல.”

ரசஞ்சாதம் நாலு வாய் சாப்பிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து, மேஸ்திரியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அது ஒரு கடி, இவர் ஒரு வாய். வாந்தி வரவில்லை. நான் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். சந்தோஷத்தில்தான்.

ஜூன் 30, திங்கள்

மூன்றாவது முறை மருந்து. வீட்டுக்கு வந்ததும் படுக்கைக்குப் போகாமல் நேரே நாற்காலிக்குப் போனார்.

ஜூலை 4, வெள்ளி

காலையில் மோட்டார்ப் பஞ்சைக் கழுவி, பால்கனிக் கொடியில் துணிகளோடு கிளிப் போட்டுக் காயவைத்தேன். ஆட்டோ வந்துவிட்டது. ஸ்கேன் எடுக்கப் போய்விட்டோம். திரும்பி வந்து பார்த்தால் தொட்டி முழுக்க ஊதா. நாவல்பழத்தைப் பிழிந்துவிட்ட மாதிரி. மேஸ்திரி பாதி மோட்டாருக்குள் இருந்தான்.

மீன்களை வாளியில் பிடித்துப் போட்டு, பாதித் தண்ணீரை மாற்றினேன். மீன்கள் பிழைத்துக்கொண்டன.

“பஞ்ச மறந்துட்டியா?” என்றார். அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொல்லிக் கொடுத்தார். “அத காய வெக்கவே தேவயில்ல கோமு. தண்ணிக்குள்ள இருக்கப்போறதுதான? கழுவுனதும் சொட்டச் சொட்ட அப்படியே மாட்டிரு.” அதுகூடத் தோன்றாமல் இத்தனை நாள் துணி மாதிரி உலர்த்திக்கொண்டிருந்திருக்கிறேன். என் மண்டையில் நானே குட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறது. எதிர்பார்த்ததைவிட நன்றாகவே மருந்துக்குக் கேட்கிறதாம்.

ஜூலை 5, சனி

இவருடைய அக்கா மரகதம் அண்ணி ஐ.சி.எஃப். பக்கத்திலிருந்து பார்க்க வந்தார். ஸ்கேன் விஷயத்தைச் சொன்னேன், மேஸ்திரி விஷயத்தையும் சொன்னேன். அண்ணி கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

“இன்னா கோமளா இது, உனக்குப் புரியலியா? என் தம்பிக்கு வந்தத அது வாங்கிக்கினு போயிருச்சு. வூட்ல மீன் தொட்டி வெக்கிறதே அதுக்குத்தான? கண்டம் வந்தா அதுங்க மேல போவும். எதிர் வூட்டுக்காரங்க எதுக்கு வெச்சிருக்காங்கன்ற?”

பாசி தின்ன வந்ததற்குக் கட்டியையும் தின்கிற வேலையா என்று கேட்டேன். அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. படித்தவர்கள் வீட்டில் கேட்டால் காறித் துப்புவார்கள்.

ஒரே நாள் என்பது மட்டும் உண்மை.

ஜூலை 12, சனி

இரண்டாவது முயல். இவர் கேட்டதால்தான் வாங்கினேன். முந்தையதைவிடப் பெரிது. இதுவும் மேஸ்திரிதான். பஞ்சு மாட்டியிருக்கிறதா என்று பாய் கேட்டார். மாட்டியிருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

நேற்று நான்காவது முறை மருந்து. இந்தத் தடவை ஆளை அடித்துப் போட்டுவிட்டது. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. உதடு முழுக்கப் புண். பள்ளிக்குச் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

தொட்டி பளிச்சென்று இருக்கிறது. ஒரு துளிப் பாசி இல்லை. வருகிறவர்கள் எல்லாம் எவ்வளவு சுத்தம் என்கிறார்கள். அதுதான் தொல்லை. மேஸ்திரிக்குத் தின்ன ஒன்றுமில்லை. கையளவு இருந்தது கோழிமுட்டை அளவுக்கு வந்துவிட்டது. பட்டினி கிடந்தால் சாவதற்கு முன்னால் இப்படித்தான் சுருங்குமாம்.

இவர் படுத்தபடியே சொன்னார். “பாய்கிட்ட காய்ஞ்ச கடல்பாசி விக்கும், தாள் மாதிரி. அத வாங்கி ஒரு துண்டு கண்ணாடில ஒட்டிவுடு கோமு. பாவம், வேலைய முடிச்சிக் குடுத்ததுக்கு நாம பட்டினியா போடறது?”

நாளை போகிறேன்.

ஜூலை 31, வியாழன்

நேற்றே போய் வாங்கிவிட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் இவர் கூப்பிட்டார். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதித்தது. அப்படியே ஆட்டோ, ஆஸ்பத்திரி. வெள்ளை அணுக்கள் தரைக்கு வந்துவிட்டனவாம். சாதாரணக் காய்ச்சல் இல்லை, ஆளைக் கொண்டுபோகிற காய்ச்சல் என்று அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காய்ச்சல் இறங்கவில்லை. அண்ணி வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். சித்ரான்னம் கட்டிக் கொண்டுவந்தார். வராந்தாவில் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். இறங்கவில்லை, ஆனாலும் சாப்பிட்டோம்.

“அந்தப் பூச்சி அப்படியே சுருண்டு கெடக்குது. எதாவது போடணுமா?” என்றார் அண்ணி.

அது கிடக்கட்டும் என்றேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் அண்ணி போன் செய்தார். மேஸ்திரி செத்துவிட்டது, நாற்றம் வருவதற்குள் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டேன் என்றார். பதினோரு மணிக்கு இவருக்கு வியர்த்தது. மதியம் காய்ச்சல் இல்லை. சாயங்காலம் அணுக்கள் ஏறத் தொடங்கிவிட்டன. டாக்டரம்மா இன்று என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

அண்ணி ஆஸ்பத்திரிக்கு வந்தார், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் கேலி செய்யவில்லை.

கைப்பையில் சாவியைத் தேடும்போது கடல்பாசிப் பாக்கெட் தட்டுப்பட்டது. ஆறு நாளாக என்னிடமேதான் இருந்திருக்கிறது. அண்ணியிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். இருந்த நிலைமையில் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். இவர் தொட்டியைப் பார்த்தார். “போச்சா?” என்றார். போச்சு என்றேன். இரவு இட்லி ஒன்றரை சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஐந்தாவது மருந்து நேற்று முடிந்தது. இதுதான் கடைசி. உடம்பு தேறினால் அறுவை.

ஆகஸ்ட் 23, சனி

பாசி மறுபடி துளிர்த்திருக்கிறது, கண்ணாடியில் மெல்லிசாக. இவர் கேட்கவில்லை. நானே கொளத்தூர் போனேன். பாய் தொட்டியில் நாலைந்து இருந்தன. ஓரத்தில் ஒன்று மணலோடு மணலாகக் கிடந்தது. கட்டைவிரல் அளவு. ஒரு பக்கத்துக் கொம்பு இல்லை.

அதைக் காட்டினேன்.

“அது தேறாதும்மா. வரும்போதே அடிபட்டு வந்துது. நாளைக்கோ நாளன்னிக்கோ போயிரும். நல்லதா ஒண்ணு எடுத்துக்கயேன்.”

அதுவே போதும் என்றேன். பாய் ஒரு மாதிரி பார்த்தார். பாவம் பார்த்து வாங்குகிறேன் என்று நினைத்திருப்பார். பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இவர் அதைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“யாரு இவன், என்ன மாதிரியே இருக்கான்? ஒடம்புல ஒண்ணுமே இல்ல.”

கடல்பாசித் தாளைக் கொஞ்சமாகக் கிழித்து, அதன் வாய்க்கு நேரே கல்லில் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டச் சொன்னார். மாட்டினேன். தின்னவில்லை. இரண்டாவது இடத்தில் மாட்டச் சொன்னார். தின்னவில்லை. “இரு, அவசரப்படாத, நானும் இப்படித்தான இருந்தேன்” என்றார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

தின்கிறது.

செப்டம்பர் 10, புதன்

ஒற்றைக் கொம்பு மேஸ்திரி உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது. ஒரு தாளை ஒரே நாளில் முடிக்கிறது. இவர் இரண்டு கிலோ ஏறியிருக்கிறார். வாசல்வரை நடக்கிறார். எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, “தேறாதுன்னு சொன்னாங்க சார், பாருங்க எப்படி இருக்கான்” என்று காட்டினார். இப்படிப் பெருமையாக என்னைக்கூட யாருக்கும் காட்டியதில்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

எனக்கும் அதைப் பிடித்துத்தான் இருக்கிறது. பொய் சொல்வானேன்.

செப்டம்பர் 18, வியாழன்

அறுவைக்கு நாள் குறித்துவிட்டார்கள். வரும் 26, வெள்ளிக்கிழமை. இரைப்பையில் முக்கால்வாசியை எடுக்கிறார்கள். பெரிய டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். மேசையிலேயே ஏதாவது ஆகலாம், பிறகு தையல் விட்டும் போகலாம், எல்லாவற்றுக்கும் தயாராக இருங்கள் என்றார். எப்படித் தயாராவது என்று அவர் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். “தொட்டில அது இருக்குதில்ல?” என்றார்.

இருக்கிறது என்றேன்.

“நல்லா இருக்குதா?”

நன்றாக இருக்கிறது என்றேன். அண்ணி பெருமூச்சு விட்டார்.

செப்டம்பர் 24, புதன்

நாளை அட்மிஷன். சாயங்காலம் தொட்டியை வீடியோ எடுக்கச் சொன்னார், ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டுமாம். அவர் நாற்காலியில், பின்னால் நான் நின்றபடி எடுத்தேன். மேஸ்திரி கண்ணாடியில் ஏறி எங்கள் பக்கமாக வாயைக் காட்டித் தின்றுகொண்டிருந்தது.

“கோமு, ஒண்ணு சொல்லட்டா, சிரிக்கக் கூடாது” என்றார். “இவன் தேறினா நானும் தேறுவேன்னு மனசுல வெச்சேன். வந்த அன்னிக்கே வெச்சிட்டேன். தேறிட்டான் பாரு. நான் வர்ற வரைக்கும் இவன பாத்துக்க. இவன் இருக்கான்னா நான் இருக்கேன்.”

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். தலையில் கை வைத்துச் சொல்லச் சொன்னார், விளையாட்டாக. அந்த மொட்டைத் தலையில் கை வைத்துச் சொன்னேன். சூடாக இருந்தது.

அவர் கணக்கு அது. இதுவரை ஒருமுறைகூடச் சரிபார்த்ததில்லை. என் கணக்கு இரண்டு முறை சரியாக வந்திருக்கிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

காலை ஆறு மணிக்கு அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஐந்தாறு மணி நேரம் ஆகும், நீங்கள் போய்க் குளித்துவிட்டு வாருங்கள் என்று நர்ஸ் சொன்னாள். அண்ணி வராந்தாவில் இருந்தார். நான் வீட்டுக்கு வந்தேன். குளித்தேன். விளக்கேற்றினேன். மோட்டார்ப் பஞ்சு அழுக்காக இருந்தது, எடுத்துக் கழுவினேன். ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மதியம் ஒன்றரைக்குப் பெரிய டாக்டர் வெளியே வந்தார். முழுவதும் எடுத்துவிட்டோம், சுற்றிலும் எங்கேயும் பரவவில்லை, இனி அவர் சாப்பிட்டுத் தேறவேண்டியதுதான் என்றார். நான் அவர் காலில் விழப் போய்விட்டேன். அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். இந்த அண்ணியிடம் இருபது வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்ததெல்லாம் எதற்கு என்றிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். தொட்டி ஊதா. இந்தத் தடவை மீன்களும் போய்விட்டன. மூன்றையும் எடுத்து, காகிதத்தில் சுற்றி, கீழே முருங்கை மரத்தடியில் தோண்டிப் புதைத்தேன். குப்பையில் போட மனம் வரவில்லை.

நான் ஒன்றும் செய்யவில்லை. பஞ்சைக் கழுவினேன். காயவில்லை. அவ்வளவுதான்.

செப்டம்பர் 29, திங்கள்

பொது வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மூக்கில் குழாய், வயிற்றில் குழாய். கண்ணைத் திறந்ததும், “மேஸ்திரி?” என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். சிரித்தார். வீடியோவைக் காட்டினேன். அரைக்கண்ணால் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனார். கஞ்சித்தண்ணீர் இரண்டு ஸ்பூன் உள்ளே போயிற்று.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வீட்டுக்கு வந்தேன், அண்ணியும் கூட வந்தார். மிக்சி, கிரைண்டர், என் விசில், இவருடைய பெயின்ட் பிரஷ்கள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். கடைசியாகத் தொட்டிக் கண்ணாடியிலும் மூன்று இடத்தில் வைத்துக் கும்பிட்டார். தண்ணீரை மாற்றிவிட்டேன், ஊதா போய்விட்டது. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் இவர் நாலு ஸ்பூன் சாப்பிட்டார். மறுபடி வீடியோ கேட்டார். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் அதைப் பார்க்கிறார். “நல்லா தின்றான் பாரு” என்கிறார். ஆமாம் என்கிறேன். பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

அக்டோபர் 3, வெள்ளி

மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தார். கண் தெளிந்துவிட்டது.

“இன்னிக்கு எடுத்ததா?”

இன்று காலையில் எடுத்தது என்றேன்.

போனைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒரு தரம், இரண்டு தரம். பெயின்ட் அடிக்கிறவர், பளபளப்பில் எது தெரியும் என்று அவருக்குத் தெரியும். எனக்கு அது நினைவிலேயே இல்லை.

“கண்ணாடில நான் ஒக்காந்துனு இருக்கேன் கோமு” என்றார்.

அக்டோபர் 4, சனி

சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. மோட்டாரில் மாட்டிக்கொண்டது என்றேன். பஞ்சைக் கழுவிக் காயப் போட்டிருந்தேன், காயவில்லை, அதற்குள் மாட்டிக்கொண்டது என்றேன்.

கொண்டுவந்த கஞ்சி ஆறி ஏடு கட்டிவிட்டது.

“தண்ணிக்குள்ள போற பஞ்ச எதுக்குடி காய வெச்ச?”

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார். பக்கத்துக் கட்டில்காரரின் மகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்டோபர் 9, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒரு நாளைக்கு எட்டு வேளை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், சாப்பாடுதான் இனி மருந்து என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கூடத்தில் நாற்காலி தொட்டியைப் பார்த்துப் போட்டிருந்தது. திருப்பிப் போடச் சொன்னார். திருப்பிப் போட்டேன். இப்போது அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

அக்டோபர் 11, சனி

கேழ்வரகுக் கூழ், இளநீர், மசித்த உருளைக்கிழங்கு, பால், ஜவ்வரிசிக் கஞ்சி. எல்லாம் வைத்தேன், எல்லாம் எடுத்தேன். ஊட்டப் போனேன். வாயைத் திறக்கிறார், வாங்குகிறார், அப்படியே வைத்திருக்கிறார், துப்பிவிடுகிறார். வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரிகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

கெஞ்சினேன். கத்தினேன். விசில் இருந்தால் ஊதியிருப்பேன்.

“எனக்காகத்தான் செஞ்ச. அது தெரியும் கோமு” என்றார். “அதான் உள்ள எறங்க மாட்டேங்குது.”

அக்டோபர் 14, செவ்வாய்

தையல் ஓரத்தில் கசிவு. மறுபடி அட்மிஷன். உடம்பில் சத்தே இல்லை, எதை வைத்துப் புண் ஆறும் என்று பெரிய டாக்டர் என்னைக் கோபித்துக்கொண்டார். வீட்டில் கவனிக்கவில்லையா என்று கேட்டார்.

அக்டோபர் 16, வியாழன்

கொளத்தூருக்கு ஓடினேன். இரண்டு பேருந்து மாறி, மழையில் நனைந்துகொண்டு. ஜமால் பாய் கையை விரித்தார்.

“மழைல கடல் கலங்கிக் கெடக்குதும்மா. ஆளுங்க எறங்கல. தீபாவளி கழிச்சு வா, நல்லதா எடுத்து வெக்கிறேன்.”

எப்படியிருந்தாலும் பரவாயில்லை, ஒன்றே ஒன்று என்றேன். பாய் எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். எதற்கு இப்படி அழுகிறாய் என்று கேட்டார்.

என்ன சொல்வேன்? வாங்கி வாழவைத்து அவரிடம் காட்டுவதற்கா, இல்லை மற்றதற்கா என்று எனக்கே தெரியவில்லை. கிடைத்திருந்தால் அப்போது முடிவு செய்திருப்பேன். கிடைக்கவில்லை.

அக்டோபர் 18, சனி

இவர் போய்விட்டார்.

நவம்பர் 2, ஞாயிறு

காரியம் முடிந்தது. எல்லோரும் போய்விட்டார்கள். அண்ணி மட்டும் மூன்று நாளாகக் கூட இருந்தார். என் புடவைகளைத் துவைத்தார், எனக்குச் சோறு பிசைந்து கொடுத்தார். இவ்வளவு நல்ல மனுஷி.

கிளம்பும்போது கூடத்தில் நின்று தொட்டியையே பார்த்தார். பச்சைப் பாசி மூடிவிட்டது. கண்ணாடியில் அண்ணி வைத்த குங்குமம் இன்னும் இருக்கிறது.

“ரெண்டு தரம் காப்பாத்துச்சு, ஆபரேஷன் அன்னிக்கும் காப்பாத்துச்சு. அப்புறம் தொட்டிய காலியா வுட்டுட்டியே கோமளா” என்றார் அழுதுகொண்டே. “வாங்கிக்க உள்ள ஒண்ணு இருந்திருந்தா என் தம்பி இருந்திருப்பான்.”

ஆமாம் அண்ணி என்றேன். வேறு என்ன சொல்வது? பை எடுத்துக் கொடுத்து, ஆட்டோ ஏற்றி விட்டு வந்தேன்.

நவம்பர் 5, புதன்

மழை விட்டு இரண்டு நாளாக நல்ல வெயில். துணி எடுக்கப் பால்கனிக்குப் போனேன். கொடியின் கோடியில், கிளிப் போட்டது போட்டபடி, அந்தப் பஞ்சு. மழையில் எத்தனை முறை நனைந்ததோ, இன்று மொடமொடவென்று காய்ந்திருந்தது.

தொட்டிக்குள் எதுவும் இல்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கையை உள்ளே விட்டு அதை மாட்டினேன்.